பாட்டரி மீது பழி போடாதீர்கள்!

வீட்டில் ஓர் உண்டியல் இருக்கிறது. மாதக் கடைசியில் அதை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறீர்கள். உள்ளே காசு இல்லை. உடனே கடைக்கு ஓடிப் புது உண்டியல் வாங்கி வருவீர்களா?

வாங்கி வர மாட்டீர்கள். "வருமானம் குறைந்து விட்டதா? செலவு கூடி விட்டதா? உண்டியலில் எங்காவது ஓட்டை விழுந்து விட்டதா?" என்றுதான் பார்ப்பீர்கள்.

ஆனால், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் புது உண்டியல்தான் வாங்குகிறார்கள். விளக்கு மங்கியதும், ஹாரன் தொண்டை கட்டியதும், "பாட்டரி போய் விட்டது" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். புதுப் பாட்டரி வருகிறது. கொஞ்ச நாளில் அதுவும் போகிறது. இன்னொன்று வருகிறது.

பாட்டரி குற்றவாளி அல்ல. பெரும்பாலும் அது பலியாள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டரி தின்ற வண்டி

என் சித்தப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரிடம் அவருடைய தகப்பனார் காலத்துப் புல்லட் ஒன்று இருக்கிறது. வண்டி துருப்பிடித்துக் கிடந்தது. அதை முழுவதும் பிரித்து, புதிதாகப் பெயிண்டு அடித்து, கண்ணாடி போல் ஆக்கினார். தெருவே நின்று பார்த்தது.

இரண்டே மாதத்தில் பாட்டரி செத்தது.

"சார், பாட்டரி போச்சு. புதுசு போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். போட்டார்கள். அதுவும் செத்தது. "இந்தக் கம்பெனி சரியில்லே சார். வேறே கம்பெனி போடலாம்" என்றார். அதையும் போட்டார்கள். மூன்றாவது பாட்டரிக்குப் பணம் கேட்ட போது, சித்திக்குக் கோபம் வந்து விட்டது.

"மற்ற வண்டி எல்லாம் பெட்ரோல் குடிக்கிறது. இது பாட்டரி தின்கிறதா?" என்று கேட்டாள்.

சித்தப்பா வெட்கப்பட்டு, கடைத்தெருவில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் நடந்த கதையை எல்லாம் கேட்டார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்:

"பாட்டரி செத்துப்போச்சு, சரி. கொன்னது யாருன்னு பார்த்தீங்களா?"

அரை மணி நேரத்தில் கொலையாளி பிடிபட்டான். அது யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், வண்டிக்குள் மின்சாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்து கொள்வோம். தெரிந்து கொண்டால் கொலையாளியை நீங்களே கண்டுபிடித்து விடலாம்.

சென்னையில் பிறந்த வண்டி

புல்லட் பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். ஆனால் அது வளர்ந்த ஊர் நம் சென்னை. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்கு எல்லையைச் சுற்றிவர உறுதியான மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955-ம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

முதலில் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தன. இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் சென்னைப் புல்லட் நிற்காமல் ஓடியது.

ஆகவே, தாத்தா ஓட்டிய புல்லட்டைப் பேரன் ஓட்டும் வீடுகள் நம் நாட்டில் பல உண்டு. வண்டி கிழவன் ஆகி விட்டான். ஆனால் சாகவில்லை. அவனுக்கு வரும் நோய்களில் அடிக்கடி வருவது, "சார்ஜ் ஏறவில்லை" என்ற நோய்தான்.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

வண்டியின் மின்சாரத்தை ஒரு குடும்பமாக நினைத்துக் கொள்ளுங்கள்.

சம்பாதிப்பவன் ஆல்டர்னேட்டர். மிகப் பழைய வண்டிகளில் அவனுக்கு டைனமோ என்று பெயர். செலவாளிகள், முகப்பு விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், பொறி உண்டாக்கும் காயில் ஆகியவர்கள். உண்டியல், பாட்டரி.

காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் பக்கத்தில் இருந்து, அவற்றில் ஒன்று அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதை 1831-ம் ஆண்டில் பாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்தார். புல்லட்டில் நடப்பதும் அதுதான். என்ஜினின் இடது பக்க மூடிக்குள், சுழலும் தண்டின் நுனியில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. என்ஜின் ஓடினால் காந்தம் சுற்றும். மின்சாரம் பிறக்கும்.

ஆனால் இந்த மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். பாட்டரிக்கு ஒரே பக்கமாக ஓடும் மின்சாரம்தான் வேண்டும். அதற்காக நடுவில் ரெக்டிபையர் இருக்கிறது. சைக்கிள் டியூபில் உள்ள வால்வைப் பாருங்கள். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. ரெக்டிபையரும் அப்படித்தான். மின்சாரத்தைப் பாட்டரிக்குள் விடும். திரும்பி வர விடாது.

பாட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் கொட்டிக்கொண்டே இருந்தால் பாட்டரி கொதித்து விடும். அதைத் தடுப்பது ரெகுலேட்டர். பிந்திய வண்டிகளில் ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

அவ்வளவுதான் குடும்பம். சம்பாதிப்பவன், வாசல் காப்பவன், அளவு பார்ப்பவன், உண்டியல், செலவாளிகள். இவர்களை இணைக்கும் ஒயர்கள். உண்டியல் காலி என்றால் இவர்களில் யார் வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எல்லோரையும் விட்டுவிட்டு உண்டியலை மட்டும் தூக்கி எறிவது என்ன நியாயம்?

முள் சொல்லும் கதை

பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே ஒரு சின்ன வட்டமான கருவி இருக்கும். அதுதான் ஆம்மீட்டர். முள் நடுவில் நின்றால் வரவும் இல்லை, செலவும் இல்லை. கழித்தல் பக்கம் போனால் பாட்டரியில் இருந்து மின்சாரம் வெளியே போகிறது. கூட்டல் பக்கம் போனால் பாட்டரிக்குள் ஏறுகிறது.

புல்லட்டை உதைத்துப் பழகியவர்களுக்கு இந்த முள் நெருங்கிய சினேகிதன். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கி, முள் கழித்தலில் இருந்து நடுவுக்கு வரும் நேரத்தைப் பார்த்துத்தான் அவர்கள் உதைப்பார்கள். ஆனால் வண்டி கிளம்பிய பிறகு அந்த முள்ளை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் தவறு.

வண்டி ஓடும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகுங்கள். முள் கூட்டல் பக்கம் நகர வேண்டும். பாட்டரி நிறைந்திருந்தால் முள் நடுவுக்குப் பக்கத்தில் வந்து நின்று விடும். அது கோளாறு அல்ல. ஆனால் வேகமாகப் போகும்போதும் முள் கழித்தலிலேயே படுத்திருந்தால், வரவு நின்று விட்டது என்று அர்த்தம். அன்று மாலையே பார்த்து விடுங்கள். நடுவழியில் நிற்கும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. வண்டியின் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஆம்மீட்டர் வழியாகவே போகிறது. அதன் பின்னால் உள்ள நட்டு தளர்ந்தால் வண்டியே இருண்டு விடும். வழி காட்டுகிறவனே வழியை அடைத்துக் கொள்வதும் உண்டு.

மலிவானதில் இருந்து தொடங்குங்கள்

கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். காசு செலவாவதைக் கடைசியில் பாருங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் கண்ணால் பாருங்கள். பாட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சணம் பூத்திருக்கிறதா? வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள். நட்டு இறுக்கமாக இருக்கிறதா? பியூஸ் நன்றாக இருக்கிறதா? பியூஸ் போகாவிட்டாலும், அதைப் பிடித்திருக்கும் கவ்வியில் களிம்பு ஏறியிருக்கலாம். ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா? இடது பக்க மூடிக்குள் ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்தில்தான் செயினும் ஓடுகிறது. செயின் தளர்ந்தால் ஒயரை உரசி அறுத்து விடும்.

அடுத்து ஒரு மீட்டர் வேண்டும். மல்ட்டிமீட்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்தான். ஒரு பாட்டரியின் விலையில் சிறு பங்குதான். அது வீட்டில் இருந்தால் டார்ச் லைட்டு, இன்வெர்ட்டர் பாட்டரி எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

உங்கள் பாட்டரி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று தெரியவில்லையா? மேலே உள்ள மூடிகளை எண்ணுங்கள். மூன்று மூடி என்றால் 6 வோல்ட். ஆறு மூடி என்றால் 12 வோல்ட். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். மூடியே இல்லாத பாட்டரி என்றால் மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

மூன்று கேள்விகள்

மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: ஓய்வில் இருக்கும் பாட்டரியில் எவ்வளவு இருக்கிறது? வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12 வோல்ட் பாட்டரியில் 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. 6 வோல்ட் பாட்டரிக்கு இதில் சரிபாதி.

இரண்டாவது கேள்வி: என்ஜின் ஓடும்போது எவ்வளவு ஏறுகிறது? வண்டியைக் கிளப்பி, நடுத்தர வேகத்தில் என்ஜினை ஓட விட்டு, பாட்டரி முனைகளிலேயே அளந்து பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை வந்தால், சம்பாதிப்பவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான். அளவு ஏறாமல், ஓய்வில் இருந்த இடத்திலேயே நின்றால் வரவு இல்லை. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு விட்டது. இப்போது பாட்டரி பட்டினியால் சாகாது, அஜீரணத்தால் சாகும்.

மூன்றாவது கேள்வி: வண்டி தூங்கும்போது திருட்டு நடக்கிறதா? சாவியை எடுத்து விட்டு, பாட்டரியின் ஒரு முனை ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய ஒயருக்கும் பாட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். பழைய வண்டியில் கடிகாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஆகவே முள்ளோ எண்ணோ ஏறக்குறையப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் யாரோ இரவில் திருடுகிறார்கள். பல வண்டிகளில் அந்தத் திருடன், கெட்டுப்போன ரெக்டிபையர். வாசல் காப்பவனே கதவைத் திறந்து வைத்து விட்டுத் தூங்குகிறான். "ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் பாட்டரி காலி" என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சம்பாதிப்பவனைச் சோதிப்பது எப்படி?

இரண்டாவது கேள்விக்கு "வரவு இல்லை" என்று பதில் வந்ததா? அப்படியானால் ஆல்டர்னேட்டரில் இருந்து வெளியே வரும் ஒயர்களைக் கழற்றுங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வைத்து, அந்த ஒயர்களுக்கு இடையே அளந்து பாருங்கள். என்ஜின் வேகம் கூடக் கூட வோல்ட்டும் கூட வேண்டும். கூடினால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. அதற்கு அப்பால் தேடுங்கள்.

கூடாவிட்டால் கம்பிச் சுருள் அறுந்திருக்கலாம். அல்லது என்ஜின் உடம்போடு ஒட்டி எர்த் ஆகியிருக்கலாம். சில வண்டிகளில் ஒரு முனையை வேண்டும் என்றே எர்த் செய்திருப்பார்கள். ஆகவே வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காந்தம் வயதாகிச் சக்தி குறைவதும் உண்டு. அப்போது வோல்ட் ஏறும், ஆனால் போதாது.

டைனமோ உள்ள மிகப் பழைய வண்டி என்றால் சோதனை வேறு. அதில் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கும். அவை உரசும் செப்பு வளையத்தில் கரி படிந்திருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் பாதி டைனமோக்கள் பிழைத்து விடும். டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்ற கதவு உண்டு. டைனமோ போதுமான வோல்ட் தந்தால் அது மூடிக்கொண்டு பாதை கொடுக்கும். என்ஜின் நின்றதும் திறந்துகொண்டு பாதையைத் துண்டிக்கும். அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், பாட்டரி மின்சாரம் எல்லாம் டைனமோவுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

ரெக்டிபையரைச் சோதிப்பது எளிது. மல்ட்டிமீட்டரில் அதற்கென்றே ஓர் அளவு உண்டு. ஒரு பக்கம் வைத்தால் வழி விட வேண்டும். மாற்றி வைத்தால் விடக்கூடாது. இரண்டு பக்கமும் விட்டாலும் கெட்டது. இரண்டு பக்கமும் விடாவிட்டாலும் கெட்டது.

முகப்பு விளக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில புல்லட்டுகளில் அந்த விளக்கு ஆல்டர்னேட்டரில் இருந்தே நேராக மின்சாரம் பெறும். பாட்டரி வழியாக அல்ல. அப்படிப்பட்ட வண்டியில் முகப்பு விளக்கு ஜொலிக்கும். பிரேக் விளக்கு மட்டும் எரியாது. முன்னால் போகிறவருக்கு நீங்கள் தெரிவீர்கள். பின்னால் லாரியில் வருகிறவருக்குத் தெரிய மாட்டீர்கள்.

கொலையாளி யார்?

இப்போது சித்தப்பாவின் வண்டிக்கு வருவோம்.

பெரியவர் ஆல்டர்னேட்டரைச் சோதித்தார். நன்றாக இருந்தது. ரெக்டிபையரைச் சோதித்தார். அதுவும் நன்றாக இருந்தது. ஆனால் பாட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர் மீட்டரின் ஒரு முனையை ரெக்டிபையரின் உடம்பிலும், மறுமுனையை பாட்டரியின் எர்த் முனையிலும் வைத்தார். நடுவில் வோல்ட் காட்டியது. அங்கே வோல்ட்டே காட்டக்கூடாது.

சித்தப்பாவிடம் திரும்பி, "பெயிண்டு எப்போ அடிச்சீங்க?" என்று கேட்டார்.

விஷயம் புரிந்து விட்டது. ரெக்டிபையர் ஒரு போல்ட்டின் மூலம் வண்டியின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் போல்ட்டுதான் மின்சாரம் திரும்பி வரும் வழி. சட்டத்துக்கு அடித்த புதுப் பெயிண்டு, அந்தப் போல்ட்டின் அடியிலும் போய் உட்கார்ந்து கொண்டது. பெயிண்டு மின்சாரத்தைக் கடத்தாது. வழி அடைத்துக் கொண்டது. அழகுக்கு அடித்த பெயிண்டே பாட்டரிகளைக் கொன்று விட்டது.

பெரியவர் ஓர் உப்புத்தாளை எடுத்து, போல்ட்டுக்கு அடியில் காசளவு இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். இறுக்கிப் பூட்டினார். வண்டியைக் கிளப்பினார். ஆம்மீட்டர் முள் கூட்டல் பக்கம் எழுந்து நின்றது.

உப்புத்தாளின் விலை என்ன? செத்த பாட்டரிகளின் விலை என்ன? நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லலாமா?

இந்த இடத்தில் வாசகர்கள், "எல்லாம் அந்த மெக்கானிக்கின் குற்றம்" என்று சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம். மெக்கானிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒயர் ஒயராகத் தேடி, ஒரு நட்டை இறுக்கி விட்டுக் கூலி கேட்டால் என்ன சொல்கிறோம்? "ஒரு நட்டு இறுக்கியதற்கா இவ்வளவு?" என்கிறோம். அவரே ஐந்து நிமிஷத்தில் புதுப் பாட்டரி மாட்டி, ஆயிரக்கணக்கில் பில் கொடுத்தால் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம்.

பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். அறிவுக்குக் கொடுக்க மறுக்கிறோம். அப்படியிருந்தால் அவர் ஏன் தேட வேண்டும்? மாட்டுவதுதானே அவருக்கு லாபம்?

ஆகவே என் கருத்து இதுதான். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுங்கள். பட்டறைக்குப் போனதும், "பாட்டரி மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "கோளாறு என்ன என்று கண்டுபிடியுங்கள். அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன்" என்று சொல்லுங்கள். கண்டுபிடித்தால் மனதார எண்ணிக் கொடுங்கள். அது உப்புத்தாள் வேலையாக இருந்தாலும் கொடுங்கள். அந்தக் கூலி, நீங்கள் வாங்காமல் விட்ட பாட்டரியை விட மலிவு.

மெக்கானிக்குகளும் ஒன்று செய்யலாம். பாட்டரி மாற்றும் முன் மீட்டரை வைத்து, ஓய்வில் எவ்வளவு, ஓட்டத்தில் எவ்வளவு என்று வாடிக்கையாளர் கண் எதிரே காட்டலாம். இரண்டு நிமிஷ வேலை. நம்பிக்கை பல வருஷம் நிற்கும்.

பாட்டரி குற்றம் செய்வதே இல்லையா?

நியாயமான கேள்வி. செய்வது உண்டு. பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. சில வருஷங்களில் அதற்கும் மூப்பு வரும். வெளியில் முழுவதும் சார்ஜ் செய்த பிறகும், முகப்பு விளக்கைப் போட்டதும் வோல்ட் சரிந்து விழுந்தால், பாட்டரிக்குக் காலம் முடிந்து விட்டது. நீர் ஊற்றும் பாட்டரியில், எல்லா அறைகளும் நன்றாக இருந்து, ஓர் அறை மட்டும் படுத்து விட்டால், அதுவும் முடிந்த கதைதான்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈயப் பாட்டரி காலியாகவே வெகு நாள் கிடந்தால், உள்ளே உள்ள தகடுகளில் உப்புப் படிந்து இறுகி விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் ஏறாது. ஆகவே சார்ஜ் ஏறாத வண்டியில் பாட்டரி உண்மையாகவே கெட்டுப் போகிறது. அதைச் சோதிப்பவர், "பாட்டரி கெட்டது" என்று சொல்வதும் உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மறுபாதியைத் தேடாமல் புதுப் பாட்டரி மாட்டினால், அதையும் அதே கொலையாளியிடம் ஒப்படைக்கிறோம்.

செலவாளிகளையும் கவனியுங்கள். பழைய ஆல்டர்னேட்டரின் சம்பாத்தியம் கொஞ்சம்தான். அதில் ஜோடி ஹாரன், கூடுதல் விளக்கு, செல்போன் சார்ஜர் என்று மாட்டிக்கொண்டே போனால் வரவுக்கு மேல் செலவு. வேண்டுமானால் ஒரு கணக்கு: 12 வோல்ட் வண்டியில் 35 வாட் விளக்குக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர். காயிலுக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர். பின் விளக்கையும் சேர்த்தால் ஆறரை. பாட்டரி மட்டும் தனியாக இதைத் தாங்கினால், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மணி நேரத்தில் காலி.

செய்யக்கூடாதவை

சில பட்டறைகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. என்ஜின் ஓடும்போதே பாட்டரி ஒயரைக் கழற்றி, "விளக்கு எரிகிறது பார், சார்ஜ் ஏறுகிறது" என்று காட்டுவார்கள். தயவு செய்து அனுமதிக்காதீர்கள். பாட்டரி இல்லாவிட்டால் வோல்ட் கட்டுக்கடங்காமல் எகிறும். பல்புகள் கருகும். நன்றாக இருந்த ரெகுலேட்டரும் போய்விடும்.

பாட்டரியை மாற்றி இணைக்காதீர்கள். பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் கூட்டல் முனைதான் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இந்தக் கால வண்டிகளில் கழித்தல் முனை சேர்ந்திருக்கும். எது என்று பார்க்காமல் மாட்டினால் ரெக்டிபையர் ஒரு நொடியில் கருகி விடும்.

பாட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியின் பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. அதில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும். ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

குழந்தைகளுக்காக ஒரு வார்த்தை

தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு பாட்டரியும் பணத்தை மட்டும் தின்னவில்லை. அதற்குள் இருப்பது ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். பழைய பாட்டரியைத் தெரு ஓரத்தில் உடைத்து, ஈயத்தை உருக்கி எடுக்கும் இடங்களில், மண்ணிலும் காற்றிலும் அந்த விஷம் கலக்கிறது. பாதிக்கப்படுவது அங்கே விளையாடும் குழந்தை.

2022-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்ய வழி செய்வது பாட்டரி தயாரிப்பவர்களின் பொறுப்பு. ஆகவே பழைய பாட்டரியைப் புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து விடுங்கள். கூடக் கிடைக்கும் சில ரூபாய்க்காகத் தெருவில் உடைப்பவரிடம் போடாதீர்கள்.

அதை விட நல்லது, பாட்டரி சாகாமல் பார்த்துக் கொள்வது.

மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முனைகளைத் துடையுங்கள். நீர் மட்டம் பாருங்கள். ஓய்வில் ஒரு முறை, ஓட்டத்தில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். பையனையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி, மீட்டரை அவர்கள் கையில் கொடுங்கள். பாரடே கண்டதை அவர்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். வாசலில் அது உயிரோடு நிற்பதைப் பார்க்கட்டும்.

சித்தப்பா வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. மீட்டர் பிடிப்பவர் யார் தெரியுமா? சித்திதான். எண்ணைப் படித்து, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறாள். அந்த வண்டி இப்போது பாட்டரி தின்பதில்லை.